திருகு வைத்த அடுப்பு

எங்கள் லிங்கராஜபுரத்து வீட்டில் காலையில் சமையலறைக்குள் போனால், கொஞ்ச காலமாகவே எனக்குப் பனிமூட்டத்துக்குள் போகிற மாதிரிதான் இருந்தது. ஜன்னல் இருக்கும் இடத்தில் ஒரு வெளிச்சம். அலமாரி இருக்கும் இடத்தில் ஒரு நிழல். நேராக எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் ஓரளவு தெரியும். சுற்றியுள்ளதெல்லாம் கரைந்துபோய், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மிதக்கும். பொய் சொல்வானேன், அழகாகவும் இருக்கும். குக்கர் ஆவிக்குள் வெயில் விழுந்து சுவரே அசைகிற மாதிரித் தோன்றும் காலைகளில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். அப்புறம் குழம்பு அடிப்பிடிக்கும். சனியன், வேடிக்கை பார்த்ததில் ஒரு குழம்பு போச்சே என்று என்னையே திட்டிக்கொண்டு சட்டியைச் சுரண்டுவேன்.

கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்த என் வீட்டுக்காரரிடம், "சொட்டு மருந்து போட்டா போதுமாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் "சரி" என்று எழுந்தார். ஆட்டோவில் வரும்போது தெருவெல்லாம் தண்ணீரில் விழுந்த சாயம் போல நகர்ந்துகொண்டிருந்தது.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், என் அக்காவைப் பார்த்த பயம். அல்சூரில் இருக்கிற அவளுக்கும் இதே கண்தான். அவள் வீட்டு மனிதர்கள் தங்கமானவர்கள், அதுதான் வம்பு. கண் சரியில்லை என்று தெரிந்த அன்றே, "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். ஒரு ஊருக்கே பிரியாணி போட்டவள், தட்டு எப்போது வருமோ அப்போது சாப்பிடுகிறவளாக ஆகிப்போனாள். எனக்கு அந்த சோபாவே ஆகாது. கண் போனால்கூடத் தாங்குவேன், அடுப்பங்கரை போனால் நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றும்.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சமையலறை அலமாரியில் கரையான் பிடித்தது. பொம்மனஹள்ளியில் இருக்கும் மகள் வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் இடித்துப் புதுசாகப் போட்டுவிடலாம் என்றாள். போனில் படம் படமாகக் காட்டினாள். எல்லாம் வெள்ளை. வெள்ளைக் கல், வெள்ளைக் கதவு, வெள்ளைச் சுவர். அவளுக்கு அது சுத்தமாகத் தெரிந்தது. எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை; வெள்ளை மேடையில் வெள்ளைத் தட்டை வைத்தால் அந்தத் தட்டை நான் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"மேடை கறுப்புக் கல்லுதான்" என்றேன்.

"மம்மி, அதெல்லாம் பழசு மம்மி."

"நானும் பழசுதான். அதுக்கு என்ன பண்ணப் போற?"

சமையலறை வேலையை எடுத்துச் செய்கிற கடைக்கே அடுப்பும் பார்க்கப் போனோம். விற்பனைப் பையன் கன்னடமும் தமிழுமாக, "நோடி மேடம், இதுதான் இப்ப லேட்டஸ்ட்டு" என்று ஒரு கண்ணாடிப் பலகையைக் காட்டினான். திருகு கிடையாது, ஒன்றும் கிடையாது. மேலே விரல் வைத்தால் போதும், தானே சூடாகும் என்றான். நான் விரல் வைத்தேன். வழவழவென்று குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. எது ஆரம்பம், எது முடிவு, எங்கே தொட்டால் அணையும், விரலுக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. எங்கோ ஏதோ 'பீப்' என்றது. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"எனக்குத் திருகு வச்ச அடுப்புதான் வேணும். பிடிச்சுத் திருப்பற மாதிரி."

"மம்மி, ஏன் இப்படி அடம் பிடிக்கற? துடைக்கறது எவ்ளோ ஈஸி தெரியுமா?"

"நான் துடைக்கறதுக்காடி அடுப்பு வாங்கறேன், சமைக்கறதுக்கு வாங்கறேன்!" என்று கத்திவிட்டேன். கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள் போல. மகள் முகம் சுருங்கியதோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. அது இன்னும் வேதனையாக இருந்தது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், "தம்பி, திருகு வச்சது காட்டுப்பா. மேடைக் கல்லும் கறுப்புன்னு எழுதிக்கோ" என்றார். என் வாய்க்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தபோது வேலை நடந்தது. ஹாலில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்தேன். இடித்த தூள் வீடெங்கும் பறந்தது. வெயில் சாய்ந்து உள்ளே வரும்போது அந்தத் தூளெல்லாம் பொன் நிறமாக எழுந்து நிற்கும், நான் அதற்குள் நடந்து போவேன். மத்தியானங்களில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மாவை உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டிக் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலா செய்தேன். கட்டைவிரல் அழுத்தம் கூடினால் சுருள் கிழியும், குறைந்தால் வரி விழாது. அதற்குக் கண் எதற்கு? ஒரு முறம் நிறைந்த பிறகுதான், அவ்வளவு நேரமும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் வேலையாட்கள் போனதும் வெறும் சமையலறையில் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பேன். இங்கே தண்ணீர்க் குழாய், இங்கிருந்து ஒரு எட்டு நகர்ந்தால் மேடையின் மூலை. புது மூலைகள் இடுப்பில் குத்தும் என்று பயந்திருந்தேன். ஆனால் எல்லா மூலையும் உருட்டி வழித்தது போல் வழுவழுப்பாக இருந்தது. தச்சரிடம் கேட்டபோது, "ஆய்த்து மேடம், இப்ப எல்லாம் இப்படித்தான் பண்றது" என்றார். பரவாயில்லையே, கடைக்காரர்களுக்கும் புத்தி வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. காலையில் ஃபாதர் வந்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அதற்கு முன் அடுப்பைத் தொடக்கூடாது என்று சிலிண்டரையே அன்று காலையில்தான் மாட்டியிருந்தோம். மகள் ஆசையாக ஒரு புதுப் பாத்திரம் வாங்கி வந்திருந்தாள். வெள்ளைப் பீங்கான் பூச்சுப் பாத்திரம். அவளே பற்ற வைத்தாள். நான் பாலை ஊற்றினேன். வெள்ளைக்குள் வெள்ளை போயிற்று. பாத்திரம் பாதி நிறைந்ததா முழுக்க நிறைந்ததா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் புது அடுப்பில் பால் பொங்கி வழிய வேண்டும். அன்று ஒரு நாள்தான் வழிந்தாலும் யாரும் திட்டமாட்டார்கள். அந்தத் தைரியத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஓரங்களில் ஒரு சிணுங்கல். பிறகு மெல்லிய இரைச்சல். பிறகு திடீரென்று ஒரு அமைதி. அந்த அமைதிதான் பால் எழும்புகிற நேரம். "இதோ" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பொங்கிவிட்டது. மகள் கை தட்டிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அந்தச் சுற்றில் எனக்குத் திசை தப்பிவிட்டது. 'புஸ்' என்று தீ அணைந்த சத்தம் கேட்டது. பால் வழிந்து தீயை அவித்துவிட்டது. கேஸ் வாடை மெதுவாக மூக்கில் ஏறியது. மகள் போனில் படம் எடுக்கத் திரும்பியிருந்தாள். நான் மேடையைத் துழாவினேன். கறுப்புக் கல், கறுப்பு அடுப்பு, கறுப்புத் திருகு. வெள்ளையிலிருந்து தப்பிக்கப் போய்க் கறுப்பில் மாட்டிக்கொண்டேன். மகள் திரும்பினால் என் கை தடுமாறுவதைப் பார்த்துவிடுவாள். அடுத்து சோபாதான்.

அப்போது விரலில் ஒன்று தட்டுப்பட்டது. திருகின் தலையில் கடுகளவு ஒரு மேடு, இறுகிப்போன பசைத் துளி. பக்கத்துத் திருகிலும் அதே மேடு, நேராக மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இதில் மட்டும் மேடு பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அதை மேலே திருப்பினேன். வாடை மெல்ல அடங்கியது. "மம்மி, இங்க பாரு, சிரி" என்றாள் மகள். சத்தம் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தேன்.

அவள் போன பிறகு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். உப்பு டப்பா மூடியில், நேற்றுவரை இல்லாத ஒரு மேடு. சர்க்கரைக்கு இரண்டு. சுவிட்சில் ஒன்று. எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். ஹாலுக்குப் போய் நின்றேன்.

"யாரு இதெல்லாம் ஒட்டினது?"

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"மூலையெல்லாம் உருட்டச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ சமைக்கறப்போ பாடறத நிறுத்தினியே, அப்பவே."

நான் பாடுவதை நிறுத்தியது எனக்கே தெரியாது. எண்ணெய் காய்கிறதா, உலை கொதிக்கிறதா என்று காதைக் கொடுக்கக் கொடுக்க, வாய் தானாக மூடிக்கொண்டிருக்கிறது. அதை ஒருவர் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், கேட்காமல் போன பாட்டை.

"அப்ப எனக்கு முழுசாக் கண்ணு போயிடும்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க, இல்ல?" என்று கத்தினேன்.

"போகலைன்னா ரொம்ப நல்லது. கத்தியால சுரண்டிப் போட்டுட்டுப் போறேன். அதுக்கு ஏன் கத்தற?"

"பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா நாளைக்கே சமையலுக்கு ஆள் வச்சிடுவா. நீயாச் சொல்றப்ப சொல்லு." அப்புறம் அவரே சொன்னார்: "போன மாசம் ரசத்துல உப்புக்குப் பதிலா சர்க்கரை போட்ட. ரெண்டு டம்ளர் குடிச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் என் பக்கத்தில் வந்து ஆறுதல் சொல்லவில்லை, கையைப் பிடித்து உட்காரவைக்கவும் இல்லை. அவர் பாட்டுக்கு நாற்காலியில் இருந்தார்.

"நாளைக்கு என்ன சமையல்?" என்றார்.

"ரசம்" என்றேன்.