எழுதினவங்க வந்து சொல்லட்டும்

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் உரிமப் பத்திரத்தில்தான் இருந்தது. ஊருக்கு அவள் கிளட்ச் அக்கா. கற்றுக்கொள்ள வந்தவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்சை மிதி!" என்று அவள் போடும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். யாரோ கேலிக்கு வைத்த பெயர் அது. காதில் விழுந்ததும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காரின் பின்கண்ணாடியில் அதையே பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டாள்.

சொந்தமாகப் பள்ளி தொடங்குவதற்கு முன் ஒன்பது வருஷம் வேறொரு பெரிய பயிற்சிப் பள்ளியில் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலை. பெண்கள் ஆசை ஆசையாக வந்து சேருவதையும், நாலாம் நாள் ஐந்தாம் நாள் காணாமல் போவதையும் மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டால், "சொல்லிக் கொடுக்கிறவர் சிரிக்கிறாரு" என்பார்கள். ஒருநாள் முதலாளியிடம் போய், "லேடீஸுக்கு நான் சொல்லித் தர்றேன் சார், எனக்கு லைசென்ஸ் இருக்கு" என்றாள். அவரும் சிரித்தார்.

"நீ ஃபாரத்தை ஒழுங்கா நிரப்பும்மா. அது போதும்."

அந்த மாதமே வேலையை விட்டாள். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய கார் ஒன்றை வாங்கினாள். மூடிக் கிடந்த நூற்பாலைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், கழித்துப்போட்ட டயர்களையும் தார் டின்களையும் வரிசையாக வைத்து வளைவுகள் அமைத்தாள். ஆறு வருஷத்தில் அங்கே கற்றுக்கொண்டு போனவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க இருந்தார்கள். அத்தனை பேரும் வாய்ச்சொல்லைக் கேட்டு வந்தவர்கள்.

இணையதளம் வேண்டும் என்று பிடித்த பிடியாக நின்றது அவள் நாத்தனார். கணவனின் தங்கை, சின்னச் சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே இணையதளம் செய்து கொடுப்பவள்.

"இந்தக் காலத்துல வெப்சைட் இல்லைன்னா நீங்களே இல்லைன்னு அர்த்தம் அண்ணி" என்றாள். ஒரே வாரத்தில் செய்தும் முடித்து, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார் படம், தொலைபேசி எண், வகுப்பு நேரம். அதற்குக் கீழே "வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்" என்று ஒரு தலைப்பு. மூன்று வட்டங்களில் மூன்று முகங்கள் பளபளவென்று சிரித்தன. முதல் முகத்துக்குக் கீழே, "மிகச் சிறந்த சேவை! அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்!" என்றிருந்தது.

"யாரு இந்தப் பொண்ணு?"

"யாரும் இல்ல அண்ணி. டிசைனோடயே வர்றது. எல்லாரும் இப்படித்தான் போட்டுப்பாங்க. உங்க பழைய முதலாளி வெப்சைட்டைப் பாருங்க."

பார்த்தார்கள். அங்கேயும் அதே பெண் வேறு பெயரில் சிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் சும்மா இருக்கமாட்டாமல் இன்னும் இரண்டு பக்கங்களைத் திறந்தாள். ஒரு பல் மருத்துவமனையில் அவளுக்கு வேர்ச் சிகிச்சை முடிந்து பரம திருப்தி. எலி பிடிக்கும் நிறுவனம் ஒன்றில் அவள் வீட்டு எலிகள் ஒழிந்திருந்தன.

கிளட்ச் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாவம், எவ்வளவு கஷ்டம்தான் அவளுக்கு! ஆனா அவ என் வண்டியில ஏறினதே இல்லையே. தூக்கு அவளை."

"தூக்கிட்டு? அந்த இடம் காலியா இருக்குமே?"

"காலியாவே இருக்கட்டும். ஆள் இருக்காங்க, போய்க் கேட்டுட்டு வர்றேன்."

அடுத்த இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். முதலில் கிடைத்ததெல்லாம் வெறும் சர்க்கரை. "அக்கா மாதிரி உண்டா!" என்று எழுதிக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது எனக்கு வேணாம். முன்னாடி உன்னால என்ன முடியல, இப்ப என்ன முடியுது, நடுவுல என்ன கஷ்டப்பட்டே, அதை எழுது. பேர் போடலாமா, படம் போடலாமான்னும் நீயே சொல்லு." ஜவுளிக்கடைக்காரி பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: "அக்கா கத்துவார். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் நானும் திருப்பிக் கத்தினேன். அன்றைக்குத்தான் வண்டி நகர்ந்தது."

நாத்தனார் இதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கத்துவாங்கன்னு போட்டா யார் அண்ணி வருவா? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடறேன்."

"ஒரு எழுத்தைக் கூட மாத்தாதே. நான் கத்தறவதான்."

கடைசியாக வந்தது பள்ளிக்கூடத்து வேதியியல் டீச்சர் எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. "'உனக்கு வண்டி ஓட்ட வராது' என்று பன்னிரண்டு வருஷம் என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் நம்பினேன். முப்பத்திரண்டு வகுப்புக்குப் போனேன். இரண்டு முறை தேர்வில் தோற்றேன். இப்போது பள்ளிக்கு நானே ஓட்டிப் போகிறேன்." கூடவே, காரின் மேல் சாய்ந்து நிற்கும் படம் ஒன்று. "படத்தைப் பெரிசாவே போடுங்க அக்கா" என்றும் சொல்லியிருந்தார்.

பெரிதாகவே போட்டார்கள்.

பக்கம் வெளியான நாலாவது நாள், மைதானத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் டீச்சரின் கணவர். இருநூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். கிளட்ச் அக்காவிடம் அப்போது கற்றுக்கொண்டிருந்த பதினாலு பேரில் ஒன்பது பேர் அந்தக் குடியிருப்புக்காரர்கள்தான். தினமும் காலையில் உள்ளே போய் வீட்டு வாசலிலேயே அவர்களை ஏற்றிக்கொள்வது அவள் வழக்கம்.

"இங்க பாரும்மா," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "அந்த வெப்சைட்ல என் மனைவி பேர்ல ஒண்ணு போட்டிருக்கீங்க. அதை இன்னைக்கே எடுத்துடுங்க."

"அவங்களே எழுதிக் குடுத்தது சார்."

"வீட்டுல ஆயிரம் பேசுவோம். அதையெல்லாம் ஊருக்குக் கடை விரிக்கணுமா? லிஃப்ட்ல என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"பொய்யா எழுதியிருக்காங்களா சார்?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யா உண்மையாங்கிறது இல்ல விஷயம். நான் சொல்றேன், எடுங்க."

"நீங்க எழுதலையே சார். எழுதினவங்க வந்து சொல்லட்டும், அடுத்த நிமிஷம் எடுத்துடறேன்."

"அவ என் மனைவி."

"ஆமாம் சார், அதுலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

டின்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரியின் தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். அதுதான் அவரை உலுக்கிவிட்டது. "நாளையிலேர்ந்து உங்க வண்டி எங்க கேட்டுக்குள்ள எப்படி வருதுன்னு பார்க்கிறேன்" என்று கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

சொன்னபடியே செய்தார். மறுநாள் காவலாளி கையை விரித்தார். "செயலாளர் உத்தரவு அக்கா. பயிற்சி வண்டிக்கு அனுமதி இல்லையாம்." மூன்றே நாளில் ஒன்பது பேர் நாலாகக் குறைந்தார்கள். அதோடு போகவில்லை. ஒரே மத்தியானத்தில், இணைய வரைபடத்தில் அவள் பள்ளியின் பெயருக்குக் கீழே ஆறு பேர் ஆளுக்கொரு ஒற்றை நட்சத்திரத்தைக் குத்தியிருந்தார்கள். "மோசம்." "போகாதீர்கள்." "மரியாதை தெரியாதவர்."

நாத்தனார் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணி, அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடலாம். மத்ததெல்லாம் இருக்கட்டுமே. எதுக்கு வீண் வம்பு?"

"எடுக்க மாட்டேன்."

வாய் அப்படிச் சொன்னாலும் அவள் மனசை வேறு ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரை எதிர்த்து நிற்பது அவளுக்குப் பெரிய காரியமே இல்லை. இதைவிடப் பெரிய வண்டிகளையெல்லாம் ஒதுங்க வைத்தவள். ஆனால் டீச்சர்? அந்த ஆள் இங்கே கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் எதை அறைகிறாரோ? எனக்கென்ன, நான் வீராப்பாக நின்றுவிடுவேன், அடி அங்கே விழுந்தால்? இரண்டு முறை டீச்சருக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அன்றைக்கு வகுப்பில் ஒருமுறை கூட அவள் கத்தவில்லை. "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கற்றுக்கொள்ள வந்தவர்களே கவலையோடு கேட்டார்கள்.

சனிக்கிழமை காலை டீச்சரே வந்தார். தனியாக, தன் காரில். வந்தவர் நேராக இறங்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு டின்களுக்கு நடுவே ஒரே மூச்சில், எதிலும் உரசாமல் கொண்டுபோய் நிறுத்தினார். பயிற்சியின்போது அவர் ஏழு டின்களைக் கவிழ்த்த அதே இடம்.

கிளட்ச் அக்கா ஓட்டமும் நடையுமாகப் போனாள். "டீச்சர், போனை எடுக்கவே இல்லையே நீங்க! வீட்டுல ஏதாவது..."

"மூணு நாளா வெளிப் பள்ளிக்கூடத்துல பரீட்சை மேற்பார்வை அக்கா. போனைப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவாங்க. வீட்டுக்கு வந்தா விடைத்தாள். நேத்துதான் பார்த்தேன்."

"அவர் இங்க வந்திருந்தாரு. உங்களுக்குத் தொந்தரவுன்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடச் சொல்றேன். மனசுல எதுவும் வச்சுக்க மாட்டேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "பேசறதில்ல. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறாரு. வேற ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. நான் வண்டி ஓட்டறதுல அவருக்குக் கோபம் இல்ல அக்கா. அவர் சொன்னது தப்புன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுடுச்சே, அதுலதான்."

"அப்ப இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். ஆனா ஒரு தப்பு இருக்கு. அதைத் திருத்தணும்."

"என்ன தப்பு?"

"பன்னிரண்டு வருஷம்னு எழுதிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பதினாலு."

அன்று மத்தியானமே நாத்தனார் பன்னிரண்டைப் பதினாலாக மாற்றினாள். அந்தப் பக்கத்தில் அண்ணி செய்ய அனுமதித்த ஒரே திருத்தம் அதுதான். அதோடு கிளட்ச் அக்கா அவளுக்கு இன்னொரு வேலையும் வைத்தாள். அந்த ஆறு ஒற்றை நட்சத்திரங்களையும் அப்படியே எடுத்து இணையதளத்திலேயே ஒட்டச் சொன்னாள். மேலே ஒரு வரி: "இந்த ஆறு பேரும் என் நோட்டில் இல்லை. இருக்கிறார்கள் என்றால் நேரில் வரட்டும், எந்த நாள் எந்த வகுப்பில் நான் மரியாதை தவறினேன் என்று சொல்லட்டும், மன்னிப்புக் கேட்கிறேன்." யாரும் வரவில்லை. பத்து நாளில் வரைபடத்திலிருந்து நாலு நட்சத்திரங்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின. இணையதளத்தில் மட்டும் ஆறும் பத்திரமாக இருந்தன.

கேட் திறக்கவே இல்லை. செயலாளரும் இறங்கி வரவில்லை. ஆனால் மிச்சமிருந்த நாலு பேரும் காலை ஆறரை மணிக்குத் தாங்களே நடந்து வந்து கேட்டுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். இரண்டு மாதத்தில் அந்த நாலு ஏழாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி, அந்தச் சங்கத்துப் பொருளாளரின் மருமகள்.

போன வாரம் நாத்தனார் ஒரு தாளோடு வந்தாள். ரொட்டிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் எழுதியது. "பதினெட்டு வகுப்போடு நிறுத்திவிட்டேன். எனக்குப் பயம் போகவில்லை. அக்கா மேல் குறையில்லை. இன்னும் நான் பேருந்தில்தான் போகிறேன்."

"அண்ணி, இது தோத்துப்போனவங்க எழுதினது. இதையுமா போடணும்?"

கிளட்ச் அக்கா காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை உதறிவிட்டுத் தாளை வாங்கி ஒருமுறை படித்தாள்.

"பேர் போடலாமான்னு கேட்டியா?"

"பேர் வேணாமாம். ரொட்டிக்கடைன்னு போட்டா போதுமாம்."

"அப்ப அப்படியே போடு. மேலேயே போடு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள்.