பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய நர்ஸ்

என் நாத்தனார் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். பாராட்டு என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். சூட்டில் வைப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று எனக்கு அப்போதே தெரியும். அவளுக்குத் தெரிய வருஷக்கணக்கானது.

சூடு என்றால் அங்கே இருக்கும் பெரிய சர்ஜன். கைவேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் சாக்கடை. கேட்ட சாமான் ஒரு நொடி தாமதமானால் கையில் இருப்பது தரைக்குப் போகும். மற்ற நர்ஸுகள் அவர் பக்கத்தில் நிற்கவே நடுங்குவார்கள். இவளுக்கு மட்டும் அவருடைய கோபம் வரும் வழி அத்துப்படி. அவர் கழுத்தை இப்படியும் அப்படியும் சொடுக்கினால் அடுத்தது கத்தல்தான். அதற்குள் இவள், "சார், லைட்டைக் கொஞ்சம் திருப்பச் சொல்லட்டுமா?" என்பாள். அவர் நிமிர்ந்து லைட்டைப் பார்ப்பார். அந்த நேரத்தில் கோபம் இறங்கிவிடும்.

பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது கழுத்தைத் திருப்பினால்கூட இவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்துவாள். அந்த மனுஷன் கொசு கடித்துத் திரும்பியிருப்பார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். கூட வேலை செய்கிறவர்களின் சுபாவத்தைப் புரிந்துகொண்டு நடப்பது எப்படி என்று பாடம். கோட்டுப் போட்ட ஒருவர் ஏதேதோ கேள்வி கேட்டு, ஆட்களை நாலு கலராகப் பிரித்து, கழுத்தில் தொங்கும் அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். சர்ஜனுக்குச் சிவப்பு, அதாவது வேகம். இவளுக்குப் பச்சை, அதாவது பொறுமை.

நல்ல பாடமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சர்ஜன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். "நான் சிவப்பும்மா, அப்படித்தான் இருப்பேன்" என்று சொல்லிச் சொல்லியே கத்தினார். அவர் கத்துவது சுபாவம் என்றும், இவள் ஆற்றுவது டியூட்டி என்றும் ஆகிப்போனது.

அப்போதுதான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில் ஓர் இடம் காலியானது. இவள் அதைக் கேட்டாள். அதற்கு முன்பு அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அங்க புள்ளைங்க அழுது காதைக் கிழிக்குமேடி" என்றேன்.

"அழட்டும் அண்ணி. வலிக்குது, அழுவுது. ஒருநாள் முழுக்க யார் கழுத்தையும் பார்க்காம வேலை செஞ்சா போதும் எனக்கு."

ஹெட் நர்ஸ் சிரித்தாராம். "நீ போயிட்டா அந்த மனுஷனை யாரு மேய்க்கிறது? நீ பச்சை. உனக்கு அது தானா வருது."

தானாக வருகிறதாம். சமையலும் எனக்குத் தானாகத்தான் வருகிறது என்று எங்கள் வீட்டிலும் ஒரு நம்பிக்கை உண்டு.

அடுத்த வாரம் அது நடந்தது. சர்ஜன் தையல் நூல் ஒன்று கேட்டார், இவள் கொடுத்தாள். "கண்ணு பொடனியிலயா இருக்கு? இதையா கேட்டேன்?" என்று விசிறியடித்தார். இவள் லைட்டைப் பற்றிப் பேசவில்லை.

"இதைத்தான் கேட்டீங்க. கத்தாதீங்க சார்!"

உரத்த குரலில் சொல்லியிருக்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்தார்.

வேறு எங்கேயாவது என்றால் திட்டுவார்கள், இல்லை கைதட்டுவார்கள். இவர்கள் வைத்தியம் பார்க்கிறவர்கள் ஆயிற்றே! வெளியே வந்ததும் இவளை உட்காரவைத்து பிரஷர் பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதில்தான் ரொம்பப் பயந்துபோனார்கள்.

ஹெட் நர்ஸ் எனக்குப் போன் செய்தார். "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா? இன்னிக்கு டாக்டர்கிட்ட கத்திட்டா."

"வீட்ல ஒண்ணும் இல்ல. அவர் தினமும் கத்துறாரே, அவர் வீட்டுக்கு என்னிக்காவது போன் பண்ணீங்களா?"

"அது அவர் சுபாவம்மா."

"அப்ப இவளுக்கு வந்தது மட்டும் வியாதியா?"

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ரெஸ்ட் முடிந்து போனவள், தடுப்பூசி அறையைப் பற்றி மறுபடியும் கேட்டாள். சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று சொன்னாள்.

"உன் மனசு இப்ப சரியில்ல, புள்ளைங்க இருக்கிற இடத்துக்கு அனுப்ப முடியாது, பழகின இடத்துலயே இருன்னுட்டாங்க அண்ணி. அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுமையாக இருந்தால் தியேட்டருக்குத் தேவை, பொறுமை போனால் தடுப்பூசி அறைக்கு லாயக்கில்லை. இவள் எந்தக் கதவு வழியாக வெளியே வருவது? கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். ஹெட் நர்ஸ், சர்ஜன், கலர் ஒட்டியவன், ஒருவரையும் விடவில்லை.

"நீங்க சொல்றது சரிதான் அண்ணி" என்றாள் மெதுவாக. "நின்னுட்டே இருக்கீங்க பாருங்க, உக்காருங்க. காலு வலிக்கும்."

நானும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பறிபோனது அவளுடைய இடம், ஆற்றுப்படுத்தப்பட்டது நான்.

"என்னை ஆத்தாதடி. உனக்குக் கோபம் வரலியா?"

"வருது அண்ணி."

"அப்ப கத்து. இங்க பிரஷர் பார்க்க யாரும் இல்ல. என்னைத் திட்டு, சட்டியை உடை, பரவாயில்ல. கத்துடி!"

நிஜமாகவே முயன்றாள். மூச்சை இழுத்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் அடங்கிவிட்டது.

"நீங்க சாப்பிட்டீங்களா அண்ணி?" என்றாள்.