மீசைக்காரனுக்குக் காயம்தான்

என்ரை மனுசன் படம் பார்க்கேக்கை வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அதுவும் ரஷ்யப் படம் எண்டால் கேக்கவே வேண்டாம். மொஸ்கோவிலை எஞ்சினியரிங் படிச்சவர். அந்தப் படிப்பைக் கனடாவிலை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. மிசிசாகாவிலை, விமான நிலையத்துக்குப் பக்கத்திலை, சாமான் ஏத்தி இறக்கிற வேலைதான் கிடைச்சது. ஆனா பாஷை மட்டும் ஆளை விட்டுப் போகேல்லை. படம் ஓட ஓட, அவை என்ன கதைக்கினம் எண்டு பக்கத்திலை இருந்து யாழ்ப்பாணத் தமிழிலை எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்களிட்டை ஒரு ரஷ்யப் பட வீடியோ கசெற் இருந்தது. ஸ்டீல்ஸ் வீதிப் பக்கம் ஒரு ரஷ்யக் கடையிலை, கலியாணம் முடிச்ச புதுசிலை வாங்கினது. ஆயிரத்து எழுநூறுகளிலை ரஷ்யாக்காரருக்கும் பிரஷ்யாக்காரருக்கும் நடந்த சண்டைக் கதை. குதிரைப்படையிலை இரண்டு சிநேகிதர். ஒருத்தன் பால்முகம் மாறாத சின்னவன். மற்றவன் நல்ல முறுக்கு மீசைக்காரன். ஆத்துக்கு அந்தப் பக்கம் எதிரி ஒளிச்சுக் கிடக்கிறான் எண்ட செய்தியை, படை ஆத்தைக் கடக்க முந்தித் தளபதியிட்டைச் சேர்க்கவேணும். அவ்வளவுதான் கதை. இடையிலை வாள்ச்சண்டை, குடை மாதிரிப் பாவாடை கட்டின பெண்டுகள், மா பூசின தலைமயிரோடை ஆம்பிளையள், எல்லாம் வரும். பிரஷ்யாப் படைத் தலைவன் வாயைத் திறந்தா, எங்கடை மனுசன் பள்ளிக்கூட அதிபராகிவிடுவார். "டேய், சேட்டைக் காற்சட்டைக்குள்ளை விடடா!" எண்டு அந்தப் பெரிய மனிசன் தன்ரை சிப்பாயைப் பேசுவார். நான் வயிறு நோகச் சிரிப்பன்.

ஆனா முதல்முறை பார்க்கேக்கை எனக்குச் சிரிப்பு வரேல்லை. அப்ப நாங்கள் ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மன்ற்றிலை இருந்தம். ஊரிலை இருந்த என்ரை தம்பியிட்டை இருந்து மாதக்கணக்கா ஒரு தகவலும் இல்லை. ஆமி பிடிச்சதோ, செத்தானோ, ஆருக்கும் தெரியாது. தம்பிக்கும் அப்ப முறுக்கு மீசை. அந்த மீசைக்காரன் திரையிலை வந்த உடனை எனக்கு நெஞ்சு பக்கெண்டது.

மரப்பாலத்திலை மீசைக்காரன் தனியா நிண்டு துரத்தி வாறவங்களை மறிக்கிறான். சின்னவன் செய்தியோடை ஓடித் தப்புறான். வெடி விழுது. அடுத்த காட்சியிலை பனிக்குள்ளாலை ஒரு சறுக்கு வண்டி போகுது, அதிலை மீசைக்காரன் படுத்திருக்கிறான். சின்னவன் பக்கத்திலை அழுதுகொண்டு நடக்கிறான். தளபதி தொப்பியைக் கழட்டிப்போட்டு ஏதோ சொல்லுறார்.

"என்னப்பா, செத்துப்போனானோ?" எண்டன்.

"சீச்சீ, காயம்தான்" எண்டார் இவர். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகினம். வீட்டை போய் ஆறுதலாப் படுத்து எழும்படா எண்டு தளபதி சொல்லுறார்."

"அப்ப ஏன் தொப்பியைக் கழட்டினவர்?"

"ரஷ்யாவிலை காயம் பட்டவனுக்கும் மரியாதை குடுப்பினம்."

நானும் நம்பினன். மொஸ்கோவிலை படிச்ச மனுசன் சொல்லேக்கை நம்பாமல் என்ன செய்யிறது? அண்டைக்கு இரவு, கனநாளைக்குப் பிறகு, நித்திரை வந்தது. பிறகு ஒருநாள் கொழும்பிலை இருந்து தம்பி ஃபோன் எடுத்தான். உயிரோடைதான் இருந்தான். இப்ப லண்டனிலை இருக்கிறான். மீசையும் இல்லை, தலையிலை மயிரும் இல்லை, வயிறு மட்டும் நல்லா வைச்சிருக்கு.

போன மாரியிலை இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலக்கையும் வாயும் போச்சு. ஆஸ்பத்திரியாலை அஜக்ஸிலை இருக்கிற எங்கடை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் வாயாலை வந்தது ஒரே ஒரு சொல்லுத்தான்: "அது." தேத்தண்ணி வேணுமெண்டாலும் அது, ரிவியை நிப்பாட்டு எண்டாலும் அது. அவர் சொல்ல வெளிக்கிடுறதும், சொல் வராமல் கண் கலங்குறதும் எனக்குப் பார்க்க ஏலாது. பேச்சு எப்ப திரும்பி வரும் எண்டு டொக்டரைக் கேட்டன். தொடக்கத்திலைதான் கனக்கத் திரும்பி வரும், போகப் போகக் குறைஞ்சிடும் எண்டார். ஒவ்வொரு கிழமையும் கலண்டரைப் பார்க்கப் பயமா இருந்தது.

பேச்சுப் பயிற்சிக்கு வீட்டை வந்த பிள்ளை நல்ல பிள்ளைதான். மெதுவாக் கதையுங்கோ, சத்தம் போடாதேங்கோ, பிழை பிடிக்காதேங்கோ, அவரை ஒருநாளும் அவசரப்படுத்தாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போச்சுது. எங்கடை மகள் அதை வேதவாக்கா எடுத்துக்கொண்டாள். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் "அம்மா, ரோன், ரோன்!" எண்டு குரலைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டுவாள். கோதாரி, இந்த வீட்டிலை நானும் அவரும் கலியாணம் கட்டின நாள் தொடக்கம் ஒருத்தரை ஒருத்தர் ஏசாமல் ஒரு தேத்தண்ணி குடிச்சிருக்கமோ? இப்ப நான் கோயில் ஐயர் மாதிரி மெல்லமா, "சாப்பிடுறீங்களோ?" எண்டு கேக்கிறன். அவரும் என்னை ஆரோ வேற மனிசியைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யூனியன்வில்லிலை இருக்கிற தன்ரை வீட்டிலை இருந்து மகள் வந்தாள். "அப்பா, கெஸ் வட்!" எண்டு அந்தப் பழைய படத்தை இன்ரநெற்றிலை தேடி எடுத்து ரிவியிலை போட்டாள். இவருக்கு முகம் மலர்ந்துபோச்சு. படம் ஓடத் தொடங்கினது. ஆனா பக்கத்திலை சத்தம் இல்லை. பிரஷ்யாத் தலைவன் வாயைத் திறந்து கத்துறான், எங்கடை அதிபரைக் காணேல்லை. இவரின்ரை உதடு மட்டும் அசையுது.

கீழை இங்கிலிஸிலை எழுத்து ஓடினது. எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, மகள்தான் வாசிச்சாள். பாலம் வந்தது. வெடி விழுந்தது. சறுக்கு வண்டி வந்தது. தளபதி தொப்பியைக் கழட்டினார்.

"பாவம்" எண்டாள் மகள். "ஹி டைட்."

"ஆர் செத்தது?"

"மீசைக்காரன்தானம்மா. 'இவன் போயிட்டான், ஆனா இவனாலை எங்கடை படை உயிரோடை நிக்குது' எண்டு அவர் சொல்லுறார்."

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திருப்பி ஓடவிடச் சொல்லி நானே பார்த்தன். ஓம். செத்துத்தான் போனான். சந்தேகமே இல்லை. எனக்குக் கோவம் தலைக்கு மேலை ஏறிச்சுது.

"என்னப்பா உது?" எண்டு கத்தினன். "இவ்வளவு காலமும் என்னைப் பேய்க்காட்டினீங்களோ? முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சிருக்கிறீங்கள்! காயமாம், ஆஸ்பத்திரியாம், ஆறுதலாப் படுக்கட்டாம்! கண்டறியாத மொஸ்கோப் படிப்பு! நானும் ஒரு விசரி மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறன். புளுகர்!"

"அம்மா, ப்ளீஸ், ஸ்ரொப் இற்!" மகள் பாய்ஞ்சு என்ரை கையைப் பிடிச்சாள்.

"நீ சும்மா இரடி! நீங்கள் சொல்லுங்கோ. செத்தவனை ஏன் சாகேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

இவருக்கு முகம் சிவந்தது. இடக்கையாலை கதிரைக் கையைக் குத்தினார். அந்தக் கோவத்தை நான் எத்தினை தரம் பார்த்திருப்பன்! வாய் கோணி, உதடு துடிச்சு, பிறகு வந்தது:

"சா... சாகேல்லை."

மகள் என்ரை கையை விட்டிட்டாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"காயம்" எண்டார். ஒவ்வொரு எழுத்தும் கல்லுத் தூக்கிற மாதிரி. "காயம்... தான்."

விட்டால் போச்சு எண்டு ஒரு பயம், அதாலை இன்னும் சத்தமாக் கேட்டன். "பொய்! ஏன் பொய் சொன்னனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். வேற மனிசியை இல்லை, என்னைத்தான்.

"தம்பி..." எண்டார். "நீர்... அழுவீர்."

அழுதன். குந்தியிருந்து, தலைமயிர் குலைய, செத்தவீட்டிலை அழுற மாதிரி அழுதன். ஆனா சந்தோசம். அப்பிடி ஒரு சந்தோசம்! மகளும் அழுறாள். இவர் மட்டும் இடக்கையை நீட்டி, பார்த்தீரே, சொன்னனான்தானே எண்டமாதிரி என்னைக் காட்டுறார். பயிற்சி குடுக்கிற பிள்ளையிட்டை இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு மகள் யோசிக்க, "உன்ரை ரோனை நீயே வைச்சிரு" எண்டன்.

உடனை தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தன். லண்டனிலை அப்ப இருட்டிப்போச்சு. மொட்டைத் தலையோடை, வாய்க்குள்ளை எதையோ சப்பிக்கொண்டு வந்து நிண்டான்.

"அத்தான் கதைக்கிறாரடா!" எண்டு ஃபோனை இவரின்ரை முகத்துக்கு நேரை பிடிச்சன்.

"அத்தான்! எங்கை, என்னோடை ஒரு சொல்லுக் கதையுங்கோ பார்ப்பம்!"

இவர் அவனை வடிவாப் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

"நீ... சாகேல்லை" எண்டார்.

தம்பி சப்புறதை நிப்பாட்டினான். "என்னக்கா, அத்தான் என்ன சொல்லுறார்? மாறிச் சொல்லுறாரோ?"

"இல்லையடா" எண்டன். "சரியாத்தான் சொல்லுறார்."