தேன்மொழிக்கு எடுத்துவைத்த மீன்

தேன்மொழி இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம் லேபிலிருந்து ரூமுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டியில் லாரி மோதி...

லேபில் அவரோடு வேலை பார்ப்பவர் போன் செய்தார். நான் ராங் நம்பர் என்று கட் செய்துவிட்டேன். மறுபடியும் அடித்தார்.

நம்ம கீரமங்கலத்துப் பெண். சென்னையில் ஜீப்ரா மீன்களை வளர்த்து, முதுகெலும்பு ஏன் வளைகிறது என்று ஆராய்ச்சி செய்தவர்.

என் மகள் அபிக்கு அந்த வளைவுதான். ஸ்கோலியோசிஸ். யூனிபார்ம் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது என்று டெய்லரிடம் சண்டைக்குப் போன அறிவாளி நான்.

அபியைப் பார்க்கும் டாக்டர் மூலமாகப் பழக்கம். ஜீன் பார்ப்பதற்காக எங்கள் மூன்று பேரிடமும் ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்தார்.

"மீனுக்கும் எம் மகளுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன். ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கிறவன் வேறு என்ன கேட்பேன்.

"முட்டையிலேருந்து வாரப்ப எங்க மீனு நேராத்தான் இருக்கும்ண்ணே. ஒரு ஜீன்ல கோளாறு இருந்தா வளர வளர வளைஞ்சிரும், அபி மாதிரியே. தண்டுவடத்துக்குள்ள ஒரு தண்ணி ஓடுது. அதைத் தள்ளிவிடுற பொடிப்பொடி முடியெல்லாம் சரியா அசையலன்னா மீனு வளையுது. மனுசனுக்கும் அதுதானான்னு இன்னும் தெரியல."

"அப்ப நாங்க வளத்த லட்சணம் இல்லையா?" என்றாள் என் மனைவி.

"இல்லக்கா. பை தூக்குனதும் இல்ல, குனிஞ்சு உக்காந்ததும் இல்ல."

என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை.

மறுவாரம் வலையில் முதுகு வளைந்த சங்கரா மீன் ஒன்று வந்தது. தங்கச்சியின் ஆராய்ச்சிக்கு ஆகுமே என்று ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸிலேயே சென்னைக்குக் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டுக்காரர் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அண்ணே, எனக்கு உசுரோட இருக்குற மீனுல்ல வேணும். அதோட அப்பன் ஆத்தா யாருன்னும் தெரியணும்."

"கடல்ல போயி ஜாதகமா கேக்க முடியும்?"

சிரித்துவிட்டார். ஆனாலும் வாங்கி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "இது அடிபட்டு வளைஞ்சதுண்ணே" என்று போனில் சொன்னார்.

அப்புறமும் நான் விடவில்லை. வளைந்த மீன் எது வந்தாலும் போட்டோ அனுப்புவேன். ஏலக்கூடத்தில் எல்லாருக்குமே அதை ஐஸில் தனியாக எடுத்துவைப்பது பழக்கமாகிவிட்டது.

முதுகை நிமிர்த்தும் பெல்ட் போட்டும் அபிக்கு வளைவு நிற்கவில்லை. ஆபரேஷன்தான் என்றார்கள். அவள் முடியவே முடியாது என்றாள்.

தேன்மொழி லீவுக்கு வந்தபோது அவளை நார்த்தாமலைக்குக் கூட்டிப்போனார். துணைக்குப் போன நான் பாதிப் பாறையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி வந்து அபிதான் சொன்னாள்... "அப்பா, அக்கா முதுகுலயும் கம்பி வச்சிருக்காங்களாம். தழும்பைக் காமிச்சாங்க."

எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"நீ ஆபரேஷனுக்கு உள்ள போ, நான் வாசல்லயே நிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அபி சம்மதித்தாள். அடுத்த மாதம் ஆபரேஷன்.

இன்று காலை அவளிடம் சொன்னேன். அழவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "அப்ப வாசல்ல யாரு நிப்பா?" என்றாள்.

"நான் இருக்கேன்ல."

"நீங்க பாதியிலயே உக்காந்துருவீங்க."

ஏலக்கூடத்துக்கு வந்தேன். விஷயம் தெரியாத ஏலக்கூடத்துப் பையன் செந்தில், "ஒங்க டாக்டரம்மாவுக்கு ஒண்ணு வந்துருக்குண்ணே" என்று ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினான். நன்றாகவே வளைந்திருந்தது.

மூடிவைத்துவிட்டேன். போட்டோ எடுக்கவில்லை.

போயிட்டு வாங்க தங்கச்சி. வாசல்ல நான் நிக்கிறேன்... உக்கார மாட்டேன்.