சக்கரம் எந்தக் கையில்

சித்திரை மாதக் கடைசியில் ஒரு காலை, பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது பக்க உதட்டோரமாகத் தானாக வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. உதட்டை மூடித்தான் வைத்திருந்ததாக நினைத்தேன். தூக்கக் கலக்கம் என்று துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அன்று பதினொரு மணிக்கு லைவ். நான் காஞ்சிபுரத்தில் கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவள். காகிதக் கூழில் வார்த்த பொம்மைகளை வெள்ளையாக வாங்கி வந்து, வண்ணம் பூசி, கடைசியில் கண் திறப்பேன் (கருவிழி எழுதுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). அவற்றை ஆன்லைனில் விற்க நானும் வசந்தியும் சேர்ந்து கடை தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. வசந்தி ஓரிக்கையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள். படம் போடுவது, பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, பார்சல் கட்டுவது எல்லாம் அவள். தூரிகையும் பேச்சும் முகமும் நான்.

லைவில் "பொம்மை" என்றேன். வரவில்லை. ப-வுக்கும் ம-வுக்கும் இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். எனக்குப் பாதிதான் ஒட்டியது. "ஃபொன்னை" என்று காற்றாக வெளியே போனது. மறுபடி சொன்னேன், மறுபடியும் அதேதான். "அக்கா, உங்க வாய் ஒரு பக்கமா போவுது பாருங்க" என்று யாரோ கமெண்ட் போட்டார்கள். வசந்தி சட்டென்று போனை அணைத்தாள்.

பக்கத்து வீட்டில் காத்து அடித்துவிட்டது என்றார்கள். பச்சிலைக் கட்டுக்கு ஓர் ஊர் பெயரும் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போயிருந்த என் கணவர் முருகன் விஷயம் கேட்டதும் திரும்பி வந்து, யார் பேச்சையும் காதில் வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பக்கவாதம் என்றே இருவரும் முடிவு செய்திருந்தோம். ஆட்டோவில் அவர் என் கையை விடவே இல்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "புருவத்த தூக்குங்கம்மா. இப்ப கண்ண இறுக்கி மூடுங்க" என்றார். இடது புருவம் ஏறியது. வலது பக்க நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை, வலது கண் மூடவும் இல்லை.

"பயப்படாதீங்க. இது பக்கவாதம் மாதிரி தெரியல. அதுல நெத்தி பெரும்பாலும் சுருங்கும். உங்களுக்கு முகத்துக்கு வர்ற நரம்பு வீங்கிக்கினு இருக்குது."

அதற்குப் பெயர் முகவாதம் (காதுக்குப் பின்னாலிருந்து வரும் நரம்பு வீங்கி, முகத்தின் ஒரு பக்கத் தசைகள் செயலிழப்பது). ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன் என்றார். இதைப் படிக்கும் யாருக்காவது இன்று காலை வாயில் தண்ணீர் வழிந்திருந்தால், புருவத்தைத் தூக்கி நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். இன்றே போங்கள், கட்டுரை எங்கேயும் போகாது.

வாயைவிடக் கண்தான் பாடு. மூடாத கண் காய்ந்துபோகும் என்று சொட்டு மருந்து, தூங்கப் போகும்போது இமையை இழுத்து ஒட்ட பிளாஸ்திரி. ஆயிரக்கணக்கான பொம்மைகளுக்குக் கண் திறந்தவள் என் ஒரு கண்ணை மூட இன்னொருவர் கையை எதிர்பார்த்திருந்தேன்.

பத்தாம் நாள் வசந்தி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள். பிறகு சொன்னாள்: "ஆடி பொறந்தா ஆர்டர் வந்துடும்க்கா. மங்களமா வாங்குற பொருள் இது. இந்த மூஞ்சியோட நீ காட்டினா யாரு வாங்குவாங்க சொல்லு? இனிமே நான் லைவ் பேசிக்கிறேன். நீ பின்னாடி உக்காந்து வரஞ்சி குடு, போதும்."

முடியாது என்றேன். அதுவும் குழறித்தான் வந்தது. மறுநாள் கடைப் பக்கத்தின் பாஸ்வேர்ட் மாறியிருந்தது. போன் எடுக்கவில்லை. நான்கு வருடமாக என் குரலைக் கேட்டுச் சேர்ந்த அத்தனை பேரும் அவள் பக்கம் இருந்தார்கள். "கலா அக்கா ஓய்வில் இருக்கிறார், இனி நான்தான்" என்று பூ வைத்துக்கொண்டு சிரித்தபடி ஒரு வீடியோ போட்டிருந்தாள்.

நோயாளி மனதை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அவள் நாசமாகப் போக வேண்டும் என்று காலையில் எழுந்ததும் நினைத்தேன், காபி ஒழுகும்போதெல்லாம் நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தது.

"கண்ணாடி பாத்து மெதுவா பண்ணுங்கம்மா. இழுத்து வலிச்சி பண்ணாதீங்க, நரம்பு தப்பான எடத்துல போய் சேந்துக்கும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பத்து நிமிடம் போதும் என்ற பயிற்சியை ஒரு மணி நேரம் செய்தேன். ப, ம, வ. பொம்மை. பெருமாள். வ-வுக்குக் கீழுதடு பல்லில் பட வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொண்ட சொல் வசந்தி. அவள் பெயரை அத்தனை முறை அவள் அம்மாகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனி முடிவில் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆடியில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கினேன். முகம் காட்டவில்லை, கையும் பொம்மையும் மட்டும். முதலில் போட்டது கருட சேவை செட், கருடன் மேல் பெருமாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டே வரைந்ததில் கருடனின் இடது இறக்கையில் ஒரு பச்சைச் சொட்டு விழுந்துவிட்டது. அழிக்காமல் விட்டு, படம் எடுத்துப் போட்டேன்.

ஆவணியில் ஒரு வாடிக்கையாளர் வசந்தியின் பக்கத்திலிருந்து ஒரு படம் அனுப்பி, "இது உங்க செட்டா மேடம்? ஏதோ மாதிரி இருக்குதே" என்று கேட்டார். எனக்கும் ஏதோ மாதிரித்தான் இருந்தது. பச்சைச் சொட்டு இருந்தது, ஆனால் வலது இறக்கையில். வேறு செட்டோ என்று குழம்பினேன்.

மறுநாள் பயிற்சிக்கு உட்கார்ந்தபோது கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் மேசையில் இருந்த அந்த செட் தெரிந்தது. அவள் படத்தில் இருந்தது அச்சாக அதுதான். திருடியது தெரியக்கூடாது என்று என் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள். திருப்பியதில் பெருமாளின் வலது கைச் சக்கரம் இடது கைக்கும், இடது கைச் சங்கு வலது கைக்கும் போய்விட்டன. காஞ்சிபுரத்தில் பிறந்து, நான்கு வருடம் பெருமாளைக் காகிதத்தில் சுற்றி அனுப்பியவள், ஒரு நாளும் அவரை நின்று பார்த்ததில்லை.

மற்ற படங்களையும் போய்ப் பார்த்தேன். என் பதினோரு செட்டுகள், பதினொன்றும் திருப்பியவை. அதைக் காட்டித்தான் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணி சொல்லிடு கலா. பயந்துக்கினு எடுத்துடுவா" என்றார் முருகன்.

"எடுக்கக் கூடாது" என்றேன். தெளிவாக வந்தது.

காத்திருந்தேன். அவள் இன்னும் போடட்டும், இன்னும் பேர் பார்க்கட்டும் என்று புரட்டாசி வரை வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதற்கும் நான் காத்திருந்ததில்லை.

நவராத்திரிக்கு முந்தின வாரம், பதினொரு மணி, லைவ். புதிய பக்கத்தில் முதல்முறையாக என் முகத்தைக் காட்டினேன். உதடு இன்னும் கொஞ்சம் கோணல்தான். "என் பேரு கலா. இது பொம்மை" என்றேன். கருட சேவை செட்டை முன்னால் வைத்தேன். "சக்கரம் எந்தக் கையில இருக்குது பாருங்க." பயிற்சிக்கு வைத்திருந்த கண்ணாடியை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தேன். "இப்ப கண்ணாடிக்குள்ள பாருங்க. அங்க ஒரு கடையில விக்கிறது இந்தப் பெருமாளத்தான். இறக்கையில சொட்டயும் பாத்துக்குங்க. என் முகத்தயும் பாத்துக்குங்க, கோணல் வலது பக்கம். நான் எதயும் திருப்பிப் போடல."

கடையின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் அவள் படங்களுக்குக் கீழே ஊரே கூடிவிட்டது. "இன்னாம்மா இது, பெருமாளுக்கே பீச்சாங்கை பழக்கம் கத்துக் குடுத்துட்டியே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மூன்று முறை படித்தேன். சாயங்காலம் திருப்பிய படங்கள் எல்லாமே காணாமல் போயிருந்தன. வாரம் முடிவதற்குள் அந்தப் பக்கமே இல்லை.

வசந்தி வந்து வாசலில் நின்றாள். பூ வைத்திருக்கவில்லை, கண் வீங்கியிருந்தது. "எல்லாரும் கேன்சல் பண்ணிட்டாங்க. தெருவுல சிரிக்கிறாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"எனக்குத்தான் வாய் வரலியேம்மா" என்றேன்.

மன்னித்தேன் என்று முடித்தால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

கடைசியாகப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன், வலது கண் தானாகப் பாதி மூடிக்கொண்டது. இணையசைவு (வளரும் நரம்பு இழைகள் இடம் மாறிச் சேர்வதால், ஒரு தசையை அசைத்தால் இன்னொன்றும் அசைவது) என்றார். "அளவுக்கு மீறிப் பயிற்சி பண்ணீங்களா?" என்று கேட்டார். அதனால்தானா என்று கேட்டேன். அதுவும் காரணமாக இருக்கலாம், கொஞ்சம் குறையும், முழுக்கப் போகுமா தெரியாது என்றார். நீங்கள் என்னைப் போலச் செய்யாதீர்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான்.

ஒரு பொம்மைக்குக் கண் திறக்க எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். என் கண் மூட ஐந்து மாதம் ஆயிற்று. இப்போதோ அது நான் கேட்காமலே மூடுகிறது. முன்பெல்லாம் முகம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இன்று ஒவ்வொரு சிரிப்பும் வலது கன்னத்தில் எங்கே கிளம்பி எந்த வழியாகக் கண்ணுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

லைவில் நான் கண்ணடிப்பதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். புதிய பெயரில், படமில்லாத ஒரு கணக்கு வாரம் தவறாமல் வந்து, ஒன்றும் எழுதாமல், முடியும்வரை பார்த்துவிட்டுப் போகிறது. யாரென்று கேட்டதில்லை. அது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் சிரிக்கத் தொடங்குகிறேன்.