ஒட்டி வந்த குரல்

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் லென்ஸ் அக்கா, பார்வை மங்கியவர்களுக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். அச்சடித்த பக்கத்தைப் படம் பிடித்தால் போதும், அது வாசித்துக் காட்டும். மூல நிரலோடு எல்லாருக்கும் இலவசம். குரல் மட்டும் வேறு யாரோ எழுதிய நிரல். அதைத் தயாராகச் சேர்த்துக் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"யாரோ செஞ்சு வச்சதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அவங்கவங்களே மூல நிரல்லேர்ந்து உருவாக்கிக்கட்டும்!"

அக்காவின் பார்வை மங்கிய நாத்தனார், குரலை உருவாக்க அவள் அச்சடித்துத் தந்த குறிப்பைப் பார்த்து, திரையில் மூக்கு உரசக் கட்டளை கட்டளையாக அடித்தாள். கடைசியில் எரிச்சலோடு கேட்டாள்: "படிக்க முடியாதவங்களுக்குத்தானே அண்ணி இது? அதுக்கு முதல்ல இத்தனையும் படிக்கணுமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. மூல நிரலிலிருந்து குரலைத் தானே உருவாக்கினாள். கடல்தாண்டி இருந்த ஒரு பயனரையும் தனியாக உருவாக்கி அனுப்பச் சொன்னாள். இரண்டையும் ஒப்பிட்டால், இம்மிகூடப் பிசகவில்லை!

"அச்சு அசல் ஒண்ணு! நடுவுல யாரும் எதையும் நுழைக்கலை. இனி தைரியமா சேர்க்கலாம்!" கடையே திரும்பிப் பார்க்கத் துள்ளினாள்.

புதுப் பதிப்பு நாத்தனாருக்கு ஒரே தட்டலில் திறந்தது. முதல் வேலையாக அவள் அந்தப் பழைய குறிப்பைத்தான் படம் பிடித்தாள். குரல் அதன் முதல் வரியைக் கணீரென்று வாசித்தது: "இது மிகவும் எளிது."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.