மாமா வீட்டில் இருக்கும் அண்ணனின் இசைத்தட்டு

எங்கள் அண்ணன் மறைந்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓராண்டு ஆகிறது. சொந்தக்காரர்கள் போடும் இந்த நினைவு மலரில் பணிவாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். பணிவு எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் ஈப்போ பக்கம் லகாட்டை அடுத்த ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். ஈப்போவில் படித்துவிட்டு, அதே தோட்டத்துப் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினார்.

பினாங்கில் பழகிய ஒரு கப்பல் சமையற்காரர் அவருக்கு ஆறு இசைத்தட்டுகளும் சில படப் பத்திரிகைகளும் கொடுத்தார். அமெரிக்கக் கறுப்பு மக்களின் ஜாஸ் இசை, ஆட்டம், ஓவியம் எல்லாம் அவற்றில் இருந்தன. அண்ணன் பழைய கிராமபோன் ஒன்று வாங்கினார். படிப்பை நிறுத்திப் பால் வெட்டப் போய்விட்ட பதிமூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகளைச் சனிக்கிழமை மதியம் பள்ளிக்கு வரவழைத்தார்.

ஒரே தட்டைப் பத்து முறை போடுவார். இந்தக் கலைஞர்கள் எழுதியதை ஒப்பிக்காமல் அவரவருக்குத் தோன்றியதைச் சேர்த்து வாசிக்கிறார்கள் என்று சொல்லி, பால் வாளியில் தட்டிப் பார்க்கச் செய்வார். படத்தைப் பார்த்து ஆடிக் காட்டப்போய் ஒருமுறை வழுக்கியும் விழுந்தார். பாடுகிறவர்களின் தாத்தா பாட்டிமார் அடிமைகளாகப் பருத்தி பறித்தவர்கள் என்று சொன்ன அன்று, பிள்ளைகள் சிரிக்காமல் கேட்டார்கள்.

எங்கள் தாய்மாமா அங்கே கூலிகளை வேலை வாங்கும் பெரிய கங்காணி. மகள் கல்யாணத்துக்குக் கிராமபோனையும் தட்டுகளையும் இரவல் வாங்கினார். தட்டில் இங்கிலீஷ் எழுத்து இருந்ததால் துரைமார் பாட்டு என்று பந்தலெல்லாம் பெருமையடித்தார். அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணனின் மாணவி காமாட்சி, தெரிந்ததைச் சொன்னாள்.

“ஐயா, இது வெள்ளக்காரவங்க பாட்டு இல்ல. கறுப்பு மனுசங்க பாடுறது. அவங்க ஆளுங்க பருத்திக் காட்டுல அடிமையா கெடந்தவங்க. நம்மள மாதிரிதான்.”

மாமாவின் பெருமையைப் பார்த்துப் பந்தல் சிரித்தது. சொந்தக்காரர்களே, சிரித்தவர்களில் நீங்களும் இருந்தீர்கள்.

மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். “கூலிப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்குடா? நாளைக்கிக் காலையில பிரட்டுக்குப் பேரு கூப்பிட்டா ஆடிக்கிட்டு வருவானுங்க.”

“ஆடிக்கிட்டு வந்தாலும் வேலைக்குத்தானே மாமா வாராங்க?” என்றார் அண்ணன்.

மாமா நேரே துரையிடம் போனார். வாத்தியார் கூலிகளைக் கிளப்பிவிடுகிறார் என்றார். அந்த மாதமே அண்ணனின் வேலை போனது. ஒரு சொந்தக்காரர்கூட வாய் திறக்கவில்லை. பாட்டு உங்களுக்குப் பிடித்திருந்தது. பாடியவர்களின் நிறம்தான் பிடிக்கவில்லை. உங்கள் கையைத் திருப்பிப் பாருங்கள், என்ன நிறம் என்று.

அண்ணன் தைப்பிங்கில் ஒழுகும் அறையொன்றில் இருந்துகொண்டு, வக்கீல் ஒருவருக்குக் கடிதங்கள் நகலெடுத்தார். மழையும் இருமலும் அவரை விடவில்லை. கடைசி வாரத்தில்கூட, பிள்ளைகள் வாளியில் தட்டுகிறார்களா என்றுதான் என்னிடம் கேட்டார். இப்போது நல்ல மனுஷன் என்கிறீர்கள். அப்போது எங்கே போனீர்கள்?

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து பாடை தூக்கிய மாணவர்களுக்கு நன்றி. அண்ணனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து அறைச் சீனத்து அம்மாவுக்கு நன்றி. பயப்படாமல் உண்மையைச் சொன்ன காமாட்சிக்கு நன்றி.

மாமா, கல்யாணத்துக்கு வாங்கிய கிராமபோன் திரும்பி வந்தது, ஆறு தட்டுகளில் ஐந்துதான் வந்தன. ஆறாவதை நீங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு, சொந்தமாய் வாங்கிய கிராமபோனில் இன்னும் போட்டுக் கேட்பது லயம் முழுக்கத் தெரியும். வெள்ளிக்கிழமை படையலுக்கு வரும்போது அதை எடுத்து வாருங்கள். அண்ணன் படத்துக்கு முன்னால், அவருடைய கிராமபோனில், காமாட்சிதான் அதைப் போடுவாள். பிள்ளைகள் வாளியோடு வருகிறார்கள்.